கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு ஜாஸ்பர்

வறண்ட ஆற்றுப் படுகையில் நானும் மச்சானும் காலையிலிருந்து குனிந்தே நடந்ததில் எங்கள் முதுகெலும்புகள் கேள்விக்குறிகளாகிவிட்டன. கிடைத்ததெல்லாம் உப்புக்குப் பெறாத கூழாங்கற்கள். என் மனைவியோ ஒரு கல்லின்மேல் சொகுசாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். 'வெறும் உருளைக்கிழங்கு' என்று நான் ஒதுக்கிவிட்டுப் போன கல் அது. பாட்டில் சாய்ந்து தண்ணீர் அதன்மேல் கொட்டியது.

மங்கிய தோலுக்குள்ளிருந்து ரத்தச் சிவப்பு எட்டிப் பார்த்தது. ஓரத்தில் பச்சை, நடுவே மஞ்சள். ஜாஸ்பர் என்கிற மணிக்கல் சிவப்பில் என்னிடம் வாளி வாளியாகக் கிடக்கிறது. மூன்று நிறமும் சேர்ந்த கல்லை, ஓய்வு பெற்றுக் கல் பொறுக்கக் கிளம்பிய நாளிலிருந்து கனவில்கூடப் பார்த்ததில்லை. நான் போட்ட கூச்சலில் அந்த ஆறு பயந்துபோய் மறுபடி ஓட ஆரம்பித்திருக்க வேண்டும்.

"ஏம்மா, எழுந்திரு."

"எதுக்கு? பாம்பா?"

"ஜாஸ்பர்."

"அப்ப உட்கார்ந்தே இருக்கேன்."

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு: கல்லைக் கண்டெடுத்தவர் சொல்கிறபடிதான் வெட்ட வேண்டும். மச்சானை அடக்க நானே போட்ட சட்டம். வீட்டுக்கு வந்ததும் அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"மாடி ரூம் கதவு காத்துல அடிக்குது. முட்டுக் கொடுக்க வச்சுக்கறேன்."

"உள்ள என்ன படம் இருக்குன்னு பார்க்க வேணாமாக்கா?" மச்சான் அழுதுவிடுவான் போலிருந்தது. "நீ சும்மா உட்கார்ந்துதானே இருந்தே?"

"அதைக்கூட நீங்க ரெண்டு பேரும் செய்யலையே."

வாரக்கணக்கில் கெஞ்சினேன். பாத்திரம் தேய்த்தேன். அவள் டிவி பார்க்கும்போது மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்தக் கல்தான். கதவருகே வைத்தால் உருண்டு ஓடியது.

"அடியில மட்டும் சமமா சீவிக் குடுங்க. ஒரு விரல் தடிமன். அதுக்கு மேல கை வச்சீங்க..." மிச்சத்தை அவள் கண் சொல்லியது.

அடியில்தான் முடிபோல ஒரு விரிசல் இருந்தது. பிளேடு அதில் மாட்டினால் கல் சுக்குநூறாகிவிடும். கொல்லைக் கொட்டகையில் கல் வெட்டும் மெஷினில் அதை இறுக்கி, தண்ணீரைத் திறந்துவிட்டேன். மச்சான் மெஷின் மூடியின்மேல் காதை வைத்தான்.

"அத்தான், சத்தம் மாறுது. போச்சா?"

"வாயை மூடு. கல்லுக்குக் கேட்கும்."

டக். சீவல் விழுந்தது. மூடியைத் திறந்தேன்.

தீப்பிடித்த வானம். அடியில் பச்சைக் கடல். நடுவே வளையத்துக்குள் வளையமாக ஒன்பது நிலா, எல்லாம் பௌர்ணமி. விரிசல் ஓரத்திலேயே நின்றுவிட்டிருந்தது. நானும் மச்சானும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் கொட்டகை ஓரங்குலம் தரைக்குள் இறங்கியது. வேண்டுமானால் வந்து அளந்து பாருங்கள்.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டக் கல்லை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இந்தப் பக்கத்தையா தரையில கவிழ்க்கப் போறே?" என்றான் மச்சான்.

அவள் ஒரு நிலாவை நகத்தால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"இந்த வளையம் உள்ள போகுதே. எங்க போய் முடியுது?"

"வெட்டினாத்தான் தெரியும்," என்றேன், பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அவளே கல்லை மெஷினில் வைத்து இறுக்கினாள்.

"இன்னும் ஒரு விரல். தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும், எனக்கு மறைக்குது."