ஓசி விறகு

மர மில்லில் கழித்துப் போடும் கட்டைகள் என் வீட்டுக்காரருக்குச் சும்மா கிடைக்கும். குளிருக்கு ஒரு கேஸ் ஹீட்டர் வாங்கலாம் என்று நான் வாயைத் திறந்தாலே, "ஓசியில வர்ற விறகு இருக்க, கேஸுக்கு எதுக்குத் தண்டம் அழணும்? அப்படி ஒண்ணும் குளிரலையே" என்பார். முற்றத்தில் கோடாலி போட்டு வியர்த்து வழிகிற மனுஷனுக்குக் குளிர் எங்கே தெரியும்? உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்து விரல் விறைத்துப்போவது நான்தானே.

நேற்று அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கோடாலியை நான் எடுத்தேன். அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்திலேயே எனக்கு உடம்பு சூடேறிவிட்டது. ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

"ஏய், இன்னும் ரெண்டு கட்டை எடுத்துட்டு வா. கால் மரத்துப்போச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கொண்டுபோய்ப் போட்டேன். மறுபடி கூப்பிட்டார். நான் பிளக்கப் பிளக்க அடுப்பு விழுங்கியது. மதியத்துக்குள் வாரம் முழுக்க வரவேண்டிய அடுக்கு காலி.

"என்னங்க, அப்படி ஒண்ணும் குளிரலையே?" என்றேன், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தைலம், கோடாலிக்குப் புதுக் காம்பு, நம்ம ரெண்டு பேர் கூலி எல்லாம் சேர்த்தா, இதுக்கு கேஸே மலிவுடி. அந்த ஹீட்டர் கடைக்காரர் நம்பர் வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். ஆனால் கையிலிருந்த கட்டையைப் பிளந்து முடித்துவிட்டு, நிதானமாகத்தான் உள்ளே போனேன்.