'ஈரம்' என்று பெயர் வைத்தவன்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம்.

தைவானில் ஓயாமல் மழை பெய்யும் கீலுங்கில் எங்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஓர் இணையதளம் இருக்கிறது. மழை செய்யும் அட்டகாசங்களை அதில் எழுதுவோம். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்வார்கள். எந்தக் கேள்வி யார் கண்ணில் பட வேண்டும் என்பதைக் கேள்வியோடு ஒட்டும் குறிச்சொல்தான் முடிவுசெய்யும். மூன்று நாவல் எழுதியவன் என்பதால் குறிச்சொற்களை என் பொறுப்பில் விட்டார்கள். நான் வைத்த முதல் பெயர் 'ஈரம்'. ஒரே சொல். ஒரு வாரம் அதை நினைத்து நினைத்துப் பூரித்தேன்.

2

(முதலில் இப்படித் தொடங்கினேன்: "பெய்ஜுவான் ஒரு திமிர் பிடித்த…" இல்லை. அவளுக்குத் திமிர் கிடையாது. எரிச்சலே அதுதான்.)

பெய்ஜுவான், பேருந்து நிலையத்தின் தொலைந்த பொருட்கள் பிரிவில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கக் குடைகளுக்குச் சீட்டு எழுதுகிறாள்: 'கறுப்புக் குடை, பிடி உடைந்தது, கடைசி இருக்கை'. அதே கையோடு தளத்திலும் பெயர் வைக்க ஆரம்பித்தாள். 'நாலு நாளாகியும் காயாத துணி'. 'சுவரில் பூசணம்'. 'மின்பெட்டி அருகே நீர்க்கசிவு'. ஜனங்கள் அவற்றைத் தேடிப் போனார்கள். என் 'ஈரம்' குப்பைத்தொட்டி ஆனது. நனைந்த செருப்பு, நனைந்த நாய், ஒருவருடைய காதல் தோல்வி.

"அண்ணே, 'ஈரம்'னா எதுன்னு கேக்குறாங்க," என்றாள் ஒருநாள்.

"அதுக்கு நான் என்ன, உரையா எழுத முடியும்?"

"பேர்லயே சொல்லிட்டா வேலை முடிஞ்சுதுல்ல?"

மூன்று நாவலிலும் இவ்வளவு தெளிவாக நான் ஒரு வரி எழுதியதில்லை.

3

(இங்கே ஒரு பத்தி இருந்தது. அதில் கணினிக் கோளாறால் குறிச்சொற்கள் கலந்துபோயின. பொய். அடித்துவிட்டேன்.)

நான்தான் செய்தேன். அவள் வைத்த ஒன்பது பெயர்களையும் 'ஈரம்' என்பதற்குள் இணைத்தேன். 'மின்பெட்டி'யில் கேள்வி வந்தால் மூன்று எலெக்ட்ரீஷியன்களின் கைபேசி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும். இணைத்ததும் அது நின்றது.

இரண்டு நாள் கழித்து, மீன் உருண்டைக் கடை லியாவ் கேட்டிருந்தார்: மின்பெட்டிமேல் தண்ணீர் சொட்டுகிறது, தொடலாமா? கேள்வி நனைந்த செருப்புகளுக்கு நடுவே கிடந்தது. பதில் வராததால் அவரே துடைக்கப் போனார். மின்சாரம் தூக்கி எறிந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. கடை மூடிக் கிடக்கிறது. தளத்தில் ஏதோ கோளாறு என்றே எல்லோரும் நம்புகிறார்கள், லியாவ் உட்பட.

4

முடிவு ஒன்று: லியாவ் என்னை மன்னிக்கிறார். (மட்டம்.)

முடிவு இரண்டு: பெய்ஜுவான் என்னைக் கன்னாபின்னாவென்று திட்டுகிறாள், அதைக் கேட்டு நான்… (இது என் ஆசை. திட்டு வாங்கினால் கணக்குத் தீர்ந்துவிடும் பாருங்கள்.)

நடந்தது வேறு. இதுவரை எழுதியதை அவளிடம் காட்டினேன். குடைகளுக்கு நடுவே நின்றபடியே படித்தாள்.

"லியாவ் அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இதையே தளத்துல கதையாப் போடலாம்னு பாக்குறேன்."

"எந்தக் குறிச்சொல்லுல?"

"'ஒரு தவறு'."

"யாரோட தவறு?"

என் கைபேசியை வாங்கி ஏதோ தட்டிவிட்டு நீட்டினாள். 'நிர்வாகி பொறாமையில் அழித்த பெயர்கள், அதனால் அடிபட்ட லியாவ்'.

"பொத்தானை அழுத்துறது உங்க பாடு," என்றாள்.

எத்தனை நாள் யோசித்தாலும் இதைவிடத் தெளிவான பெயர் எனக்கு வராது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அழுத்தினால் லியாவுக்கு உண்மை தெரியும். கூடவே அவள் ஜெயிப்பாள். அவள் ஜெயிக்காமல் லியாவுக்கு உண்மை போய்ச்சேர ஒரு முடிவு உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள், நான் இன்னும் அழுத்தவில்லை.