ஏழாவது லைன்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சைராகுல் ஒரு பெயரில் போய் முட்டிக்கொண்டு நின்றாள்.

நாரின் மலைப்பக்கத்து மின்சாரக் கிளை அலுவலகம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஓர் இரும்பு அடுப்பு, வாசலில் ஒரு கிழட்டு லாரி. சுவரில் ஒரு தகரப் பலகை, அதில் பதினோரு லைன்களின் பெயர். பயிற்சிக்கு வருகிறவர் அந்தப் பெயர்களை வரிசையாக உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். சரியாகப் படித்த பிறகுதான் பெல்ட்டும் கம்பம் ஏறும் கால்கொக்கியும் கையில் கிடைக்கும். ஃபோர்மேன் மெதர்பெக்குக்கு அவளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். அடுப்போரம் நின்று டீ குடித்தபடி கேட்டான். ஆறு பெயர் தண்ணீர் மாதிரி வந்தது. ஆறாவது காரா-புலாக், கருஞ்சுனை. ஏழாவது தாஷ்-புலாக், கல்சுனை. அங்கே அவள் வாய் மூடிக்கொண்டது.

அவளுடைய மாமனாரின் முழுப் பெயர் ‘தாஷ்தான்’, அதன் முதல் பாதி ‘தாஷ்’. வாழ வந்தவள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. கணவன் பெயர், அவன் அண்ணன்மார் பெயர், எதுவும் கூடாது. அந்தப் பெயரின் ஒரு துண்டு வேறு ஏதாவது சொல்லில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லையும் தொடக் கூடாது. இப்போதெல்லாம் பட்டணத்துப் பெண்கள் இதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டார்கள். அவள் மாமியார் விடவில்லை. அதனால் ஒன்பது வருஷமாக அவளுக்குக் கல் என்பது ‘தாஷ்’ இல்லை, ‘கத்தூ’, அதாவது கெட்டி. அரிசியில் கெட்டி கிடக்கும். ஆற்றங்கரையில் கெட்டி பொறுக்குவாள். மாமனார் இறந்து ஐந்து வருஷமாகிவிட்டது, கெட்டி மட்டும் கெட்டியாகவே இருந்தது.

“கத்தூ-புலாக்,” என்று படித்தாள்.

அறையே சிரித்தது. இன்னொரு குழுவின் லைன்மேன் பெக்தூர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

“டீ போட ஆள் கேட்டு எழுதினோம். இந்தப் பொண்ணு எங்க லைனுக்கே புதுப் பேரு வச்சுடுச்சே!”

“விடுங்கப்பா, ஊருக்கே தெரிஞ்ச மரியாதைதானே. எட்டாவதைப் படி, மருமகளே,” என்றான் மெதர்பெக். வாழ வந்தவள் ஊருக்கே மருமகள்தான்.

அவன் அப்படிப் பெருந்தன்மை காட்டியிருக்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு அவளுக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். ஆசைப்பட்டுத்தான் வந்தாள். கணவன் எமில்பெக் வேலை தேடி யெகாத்தரீன்பர்க் போய் ஆறு வருஷம். முதலில் வாரம் ஒரு போன், அப்புறம் பண்டிகைக்கு ஒரு போன். அங்கே அவனுக்கு வேறொருத்தியும் ஒரு பிள்ளையும் இருப்பதாக ஊர் சொன்ன பிறகு அதுவும் நின்றது. வீட்டில் மாமியாரும் அவளும் மட்டும். இரண்டு பேரும் ஒரு நாளைக்குப் பேசும் பேச்சை ஒரு கைப்பிடிக்குள் அடக்கிவிடலாம். பசு கறந்தாச்சா, கறந்தாச்சு. வறட்டி காஞ்சுதா, காயலை. மூன்று மாதப் பயிற்சி முடிந்தால் நிரந்தர வேலை. அது கிடைத்துவிட்டால் தினமும் காலையில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகலாம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மாமியார் மூன்று நாள் யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“போ. ஆனா என் வீட்டு மருமக மரியாதை கெட்டவள்னு ஒரு சொல்லு என் காதுல விழுந்துச்சுன்னா, அன்னைக்கே திரும்பி வந்து அடுப்படியில உக்காரணும்.”

வெளியே வந்தால் தனிமை தீரும் என்று நினைத்திருந்தாள். அது அவளுக்கு முன்பே லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள், அவளுக்கு மறுபக்கம் முழு பெஞ்சும் காலி. மரியாதைதான், குறை சொல்ல முடியாது. மத்தியானம் ரொட்டியும் உப்பு டீயும் அவள் தனியாக, லாரியின் சக்கரத்தில் சாய்ந்து சாப்பிட்டாள். மருமகளே கயிறு, மருமகளே ஸ்பேனர், மருமகளே தள்ளி நில்லு. அவளுக்கு ஒரு பெயர் இருப்பது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் பயிற்சிக் கம்பத்தின் உச்சியில் பெல்ட்டை மாட்டிவிட்டு, கீழே யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, “சைராகுல்” என்று தானே சொல்லிப் பார்த்தாள். வேறு யாரையோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. அழுகை வந்தது. கம்பத்தின் மேல் கையுறையோடு கண்ணைத் துடைப்பது லேசான காரியமில்லை என்று அன்று தெரிந்துகொண்டாள்.

வேலை மட்டும் சீக்கிரம் வசப்பட்டது. கொக்கியை எந்தக் கோணத்தில் குத்த வேண்டும், நிறுத்திய லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் கம்பியை முதலில் எங்கே மாட்டி எங்கே கழற்ற வேண்டும், எல்லாம். பலகையைப் பற்றி யாரும் மறுபடி கேட்கவில்லை. கத்தூ-புலாக் என்று அவள் சொன்னால் எல்லோருக்கும் புரிந்தது, சிலர் வேடிக்கைக்குத் தாங்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

மார்ச் மாத நடுவில் ஈரப்பனி கொட்டியது. ஒரே ராத்திரியில் ஆறாவது லைனும் ஏழாவது லைனும் அறுந்து விழுந்தன. சப்-ஸ்டேஷனில் இரண்டிலும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி லைன் கிளியர் வாங்கிக்கொண்டு இரண்டு குழுவும் காலையிலேயே கிளம்பின. ஆற்றின் இந்தக் கரையில் தாஷ்-புலாக், மெதர்பெக்கும் அவளும். அக்கரைச் சரிவில் காரா-புலாக், பெக்தூரின் ஆட்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்பத்தின் மேல் பெக்தூரின் ஆரஞ்சு சட்டை நாள் முழுக்க அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் நான்கு மணிக்கு இவர்கள் வேலை முடிந்தது. மெதர்பெக் கடைசி எர்த்தைக் கழற்றிவிட்டு, கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு தூரத்துக் கம்பத்திலிருந்து பனியில் கால் புதைய வந்துகொண்டிருந்தான். அங்கிருந்தே கத்தினான்.

“மருமகளே! என் கை விறைச்சுப் போச்சு. நீயே வயர்லெஸ்ல சொல்லிடு. லைன் கிளியர் ரிட்டர்ன். பேரைச் சொல்லிக் குடு!”

அவள் வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை. நம்பர் சொன்னால் சப்-ஸ்டேஷனில் ஏற்க மாட்டார்கள், அவர்கள் பலகையில் வரிசை வேறு. எந்த லைனில் மறுபடி மின்சாரம் விடலாம் என்று பெயர்தான் சொல்ல வேண்டும். அவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இவர்கள் ‘சரி’ என்ற பிறகுதான் அங்கே சுவிட்சில் கை வைப்பார்கள்.

“சப்-ஸ்டேஷன், சப்-ஸ்டேஷன். கத்தூ-புலாக். ஆளுங்க எல்லாம் இறங்கியாச்சு. எர்த் எடுத்தாச்சு. லைன் கிளியர் ரிட்டர்ன்.”

கொஞ்ச நேரம் எண்ணெயில் ஏதோ வறுபடுகிற மாதிரி இரைச்சல். அப்புறம் ஒரு குரல், நாலு மணி ஷிஃப்டுக்கு அப்போதுதான் வந்து உட்கார்ந்த, ‘கத்தூ’ என்று ஒரு பெயரையே கேட்டிராத யாரோ ஒருவன்.

“காரா-புலாக். ஆள் இறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு. சப்ளை விடலாம். சரியா?”

நிமிர்ந்து பார்த்தாள். அக்கரையில் ஆரஞ்சு சட்டை கம்பத்தில்தான் இருந்தது. இரண்டு கையும் கம்பியில்.

“இல்ல, இல்ல! கத்தூ! கத்தூ-புலாக்!”

“அதைத்தானே நானும் சொல்றேன். காரா. விடுறேன், ஒரு நிமிஷம்.”

ஒன்பது வருஷப் பழக்கம் என்பது நாக்கில் பூட்டிய பூட்டு. அவள் வாயைத் திறந்தாள், அந்தச் சொல் வரவில்லை. மாமியாரின் முகம் ஒரு கணம் வந்து போனது, அடுப்படி வந்து போனது. அப்புறம் அவள் எதையும் நினைக்கவில்லை.

“தாஷ்! தாஷ்-புலாக்! காரா இல்ல! காராவுல ஆள் நிக்குது! கையை எடுங்க! தாஷ், தாஷ், தாஷ்-புலாக்!”

மலையில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. மெதர்பெக் கம்பிச் சுருளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருவது தெரிந்தது. வயர்லெஸ் ஊமையாக இருந்தது. ஆரஞ்சு சட்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

“தாஷ்-புலாக்,” என்றது குரல் கடைசியில். இப்போது அதில் தூக்கம் இல்லை. “தாஷ்-புலாக் மட்டும். காரா தொடலை. சரியா?”

“சரி.”

“யார் பேசுறது? எழுதிக்கணும்.”

“பயிற்சிக்கு வந்திருக்கேன்.”

“பேரு இல்லையா உங்களுக்கு?”

அதற்கும் அவளுக்கு ஒரு நொடி பிடித்தது. “சைராகுல்,” என்றாள்.

மெதர்பெக் வந்து வயர்லெஸ்ஸைப் பிடுங்கி, எல்லாவற்றையும் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான். பிறகு பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது.

“இப்ப வந்த வாய் முதல்லயே எங்க போச்சும்மா?” என்றான். “என் மேலயும் தப்பு இருக்கு. முதல் நாளே விட்டுக்குடுத்தேன். நாளைக்குக் காலைல எட்டு மணிக்குப் பலகைக்கு முன்னாடி நிக்கிற. பதினோரு லைன் பேரும் பிசிறில்லாம வரணும். ஒண்ணை முழுங்கினாலும் பெல்ட்டைக் கழட்டி வச்சிட்டுப் போயிடு. இது மரியாதை பாக்குற இடம் இல்ல.”

திரும்பும்போது பெக்தூரும் அதே லாரியில்தான் வந்தான். அன்று அவன் அவளுடைய பெஞ்சில், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். ரொம்ப நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உன் மாமனார் பேர்ல தொங்கிக்கிட்டு இருந்திருக்கேன் பாத்தியா,” என்றான். வேடிக்கையாகத்தான் சொல்லப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது, ஆனாலும் சமையலறை பல்பு எரிந்துகொண்டிருந்தது. இவர்கள் சரி செய்த லைன்தான். மாமியார் அடுப்புக்கு முன்னால் வறட்டியை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. லாரி டிரைவரின் மனைவிதான் ஊரில் கடை வைத்திருக்கிறாள். டிரைவர் அவளுக்குப் போன் செய்திருக்க வேண்டும், செய்தி லாரியை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

“சத்தம் போட்டுச் சொன்னியாமே.”

“ஆமா அத்தை.”

“எத்தனை தடவை?”

“எண்ணலை. அஞ்சாறு இருக்கும்.”

சைராகுல் ஈரமான பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததில் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை.

“நாளைக்கும் சொல்லணும். சொல்லலைன்னா வேலை இல்ல. நான் சொல்லத்தான் போறேன் அத்தை. நீங்க அடுப்படியில உக்காருன்னாலும் என்னால இனிமே முடியாது. ஒரு ஆள் செத்திருப்பான்.”

மாமியார் எழுந்தாள். கிண்ணத்தில் டீ ஊற்றினாள், பால் விட்டாள், உப்புப் போட்டாள். அதை மருமகளிடம் நீட்டாமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“எனக்குக் கல்யாணம் ஆகி நாப்பத்திரண்டு வருஷம்,” என்றாள். “நான் ஒரு தடவை கூடச் சொன்னதில்ல. ‘இந்தாங்க’, ‘எமிலோட அப்பா’. அவ்வளவுதான். அவர் இருந்தப்ப பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு அந்தாண்ட நின்னு கூப்பிடுவான். தபால்காரன் கூப்பிடுவான். பேரு காதுல விழும். போனப்புறம் யாரு கூப்பிடுவா? பையன் இருந்தா அவனாவது அப்பா பேரைச் சொல்லுவான். இப்ப இருக்கறது நானும் நீயும்தான். ரெண்டு பேருமே சொல்லக் கூடாது.”

அவர் போன இந்த ஐந்து வருஷமும் ஒரே கூரைக்குள் இருந்தும் இது சைராகுலின் புத்தியில் படவே இல்லை. தனக்கு மட்டும்தான் இந்த வீடு ஊமை என்று நினைத்திருந்தாள்.

“கடைக்காரி வந்து சொன்னப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு,” என்றாள் மாமியார். “உன்னைக் கன்னாபின்னான்னு திட்டினேன். அவ போனப்புறம், அந்தப் பேரு மலையெல்லாம் கேட்டிருக்குமேன்னு நினைச்சேன். எனக்குத்தான் கேக்கலை.”

கிண்ணத்தை மருமகள் கையில் கொடுத்தாள்.

“நாளைக்கு எப்படிச் சொல்லுவ? சொல்லிக் காட்டு.”

சைராகுல் பலகைக்கு முன்னால் நிற்பதுபோல் நேராக நின்றுகொண்டு முதல் லைனிலிருந்து ஆரம்பித்தாள். ஆறு பெயர் வந்தது. மாமியார் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்.

“தாஷ்-புலாக்.”

“பாதிதான் இருக்கு,” என்றாள் மாமியார்.

“லைன் பேரு அவ்வளவுதான் அத்தை.”

“லைனை விடு. முழுசாச் சொல்லு.”

“தாஷ்தான்,” என்றாள் சைராகுல்.

மாமியார் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாரோ பதில் சொல்லப் போகிற மாதிரி. யாரும் சொல்லவில்லை.

“இன்னொரு தடவை.”

“தாஷ்தான்.”

மாமியாரின் உதடு அசைந்தது. முதல் எழுத்துக்கு நாக்கு பல்லைத் தொடுவது தெரிந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். சைராகுல் எட்டாவது லைனுக்குப் போகாமல் காத்திருந்தாள்.