ஏழாம் பாட்டு வரைக்கும்

...மழைதான், மழையென்று புகழ்வேந்தன் சொன்னது பொய்யில்லை, இரண்டு கிதார்கள் தூறலாகத்தான் ஆரம்பிக்கின்றன, ஒன்று இடது காதில், இன்னொன்று சற்றுப் பிந்தி வலது காதில், டிரம்ஸ் இன்னும் வரவில்லை, வரட்டும், என்ன அவசரம், அறுபத்தெட்டு நிமிடம் இருக்கிறது, கம்பெனி பஸ் சேதராப்பட்டிலிருந்து பாகூர் போய்ச் சேர அதைவிடக் கொஞ்சம் கூடவே ஆகும், இன்றைக்காவது முழுசாகக் கேட்டுவிட வேண்டும்... எழிலரசன் ஜன்னலோர சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டான். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்து, கை கால் கழுவி, கேட்டருகே லாக்கரில் வைத்த போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறியபோது இரண்டு முப்பத்தைந்து. மூன்று முறை தோற்றாகிவிட்டது. முதல் முறை நடுவில் மனைவி சகாயராணி போன் செய்து தயிர் வாங்கிவரச் சொன்னாள், இரண்டாம் முறை அவனே தூங்கிப்போனான், மூன்றாம் முறை பக்கத்து சீட்டு அருள்முருகன், இன்னாடா உள்ள யாரையோ அடிக்கிறாங்க என்று ஒரு காதுப் பொத்தானைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான். நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து, அது புகழ் போட்ட சட்டம். "பாட்ட தாண்டாத, நடுவுல நிறுத்தாத. நிறுத்துனீன்னா மொதல்லேந்து கேளு, இல்ல கேக்கவே கேக்காத. இது ஒம்போது பாட்டு இல்லடா, ஒரே கத." எங்கேயோ பனி கொட்டும் தேசத்து ஐந்து பேர் போட்ட ஆல்பம், அதற்கு இங்கே பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன் ஒருவன் காவல் நிற்கிறான். சிரிப்பு வந்தது. ஆனாலும் பிடித்திருந்தது, யாராவது தன்னை நம்பி ஒன்றைக் கொடுத்து முழுசாகக் கேளென்று சொல்வது.

கதை தெரியும், டீக்கடையில் புகழ் வரிவரியாகச் சொல்லியிருக்கிறான், அணையின் ஷட்டரைக் காவல் காக்கும் ஒருவன், புகழ் அவனை மதகுக்காரன் என்பான், பாகூர் ஏரி மதகுக்கே கொண்டுவந்துவிட்டான் அவனை. ஒன்பது பாட்டு, ஒன்பது மணி நேரம், ஒரே காவல். இதோ மழை நின்றது, இரண்டாம் பாட்டு, டிரம்ஸ் இறங்கியது, யப்பா, நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்குகிறது, இரண்டு காலாலும் மிதிக்கிறான் போல, தொண்டையில் கருங்கல்லை உருட்டுகிற மாதிரி ஒருத்தன் பாடுகிறான், பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு, கணக்கு என்ன... எழிலரசன் தொடையில் விரல் தட்டிப் பார்த்தான், தகதிமி தகிட, தகதிமி தகிட, ஏழு. வில்லியனூர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு பேண்ட் செட்டில் சைடு டிரம் அடித்த கைக்கு இதுகூடப் பிடிபடாதா. எட்டு வரும் என்று கால் காத்திருக்கும்போது ஏழிலேயே திரும்பிவிடுகிறது, படியிறங்கும்போது கடைசிப் படி இல்லாமல் போவதுபோல ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன விழுகை, அதற்குள் அடுத்த சுற்று வந்து தாங்கிக்கொள்கிறது. காலை ஷிப்டில் அவனும் அடுத்த ஷிப்டில் புகழும் ஓட்டுகிற நாலாம் நம்பர் மெஷினும் இப்படித்தான் நொண்டும், அதனால்தான் புகழுக்கு அந்த மெஷின்மேல் பிரியம். அப்போதுதான் அந்த இரைச்சலுக்கு அடியில் அது கேட்டது, ணிங், ஒரே ஒரு சொட்டு, சிம்பல் தட்டின் குமிழில் குச்சி நுனி பட்டதுபோல. சொல்லியிருந்தான், ரெண்டாவது பாட்டுல ஒரு சொட்டு விழும், அதை விட்றாத, அணையில விரிசல், அங்கேந்துதான் எல்லாம். பிடித்துவிட்டேன் புகழ், என்று நினைத்தபடி எழிலரசன் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டான், ஏன் விட்டான், பழக்கம்தான், தினமும் பஸ்ஸில் அதை உருட்டிக்கொண்டு வருவான், அந்தக் காந்தத்தை. பாக்கெட்டில் கைக்குட்டை இருந்தது, சாவி இருந்தது.

காந்தம் இல்லை. சரி, பையில் இருக்கும். நாலணாக் காசு அளவு வட்டக் காந்தம், புகழின் கிதார் ஸ்பீக்கர் ஒன்று எரிந்துபோய் அவன் தூக்கிப் போட்டபோது அதிலிருந்து நெம்பி எடுத்தது. மெஷினின் முன்கதவில் ஒரு சென்சார் இருக்கிறது, கதவு திறந்தால் மெஷின் நின்றுவிடும், கை உள்ளே போகிறதல்லவா, அதற்காக. தகடு வைக்க ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் எண்ணூறு பீஸ் தாண்டாது, சென்சார்மேல் ஒரு காந்தத்தை ஒட்டிவிட்டால் கதவு மூடியிருக்கிறதென்று மெஷின் நம்பிக்கொள்ளும், திறந்த கதவோடு ஆயிரத்து நூறு. எல்லோரும் செய்வதுதான். ஆளுக்கொரு காந்தம், ஷிப்ட் முடியும்போது எடுத்து அவரவர் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும், சூப்பர்வைசர் சுப்பராயலுக்கும் தெரியும், பீஸ் கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே, சொல்லாதவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. புகழ் ஒருத்தன்தான் வைப்பதில்லை. "எண்ணூறுன்னா எண்ணூறு, திட்டட்டும். எனக்கு வெரலு வேணும்டா, வாசிக்கணும்." கதவைத் திறப்பான், மெஷின் செத்துவிடும், சிக்கிய தகட்டை விரலால் எடுப்பான், மூடுவான். மெயின் சுவிட்சை அணைப்பதில்லை, எதற்கு, கதவுதான் இருக்கிறதே. காந்தம் வைத்து ஓட்டுகிறவனுக்குத் தெரியும் மெஷின் உயிரோடிருக்கிறதென்று, அவன் இடுக்கியால்தான் எடுப்பான், உடம்பெல்லாம் கண்ணாக இருப்பான். புகழ் நம்பிக் கையை விடுவான். ணிங், ணிங்... மூன்றாம் பாட்டில் இரண்டு சொட்டு. எழிலரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பையில்தான் இருக்கும், இல்லாமல் எங்கே போகும். ஊசுட்டேரி வந்துவிட்டது, தண்ணீர் வெயிலில் தகடுபோலக் கிடந்தது, தகடு என்று ஏன் தோன்றுகிறது. மதகுக்காரன் இப்போது என்ன செய்கிறான், சொட்டுச் சத்தம் கேட்கிறது அவனுக்கு, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான், இந்தப் பாட்டு முழுக்க அதைத்தான் சொல்கிறானாம், அதையும் எவ்வளவு அழகாகச் சொல்கிறான் பாவி, கல் உருட்டிய அதே தொண்டையில் இப்போது தேவாலயத்துப் பையன் குரல், தாலாட்டுகிற மாதிரி. பையைத் திறந்தான், டிபன் பாக்ஸ், உள்ளே ஸ்பூன், துண்டு, சோப்புப் பெட்டி, காந்தமென்றால் டிபன் பாக்ஸில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமே, சுற்றிச் சுற்றித் தடவினான், எவர்சில்வரில் அது ஒட்டாது என்று ஞாபகம் வந்தது, சோப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தான், சோப்புப் பெட்டியில் எதற்கு இருக்கப்போகிறது... அருள்முருகன் கையால் சைகை செய்தான், இன்னா தேடற. ஒன்றுமில்லையென்று தலையாட்டினான். கீழே விழுந்திருக்கும், தானாகவே விழுந்திருக்கும், அதிர்கிற மெஷின் அல்லவா. ஆறு மாதமாக ஒருநாள்கூட விழாத காந்தம் இன்றைக்கு விழுந்திருக்கும், ஏன் விழக்கூடாது. திங்கட்கிழமை பட்டியல் வருகிறது, ஐந்து வருஷ கான்ட்ராக்ட் முடிந்து நிரந்தரமாகிறவர்களின் பட்டியல், உன் பேர் இருக்கு வாயை மூடிக்கினு வேலையைப் பாரு என்று சுப்பராயலு சாரே சொல்லியிருக்கிறார், சகாயராணி அவள் அம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டது. போன மாதம்தான் இரண்டாம் நம்பர் வீரப்பனைக் காந்தத்தோடு மேலதிகாரி ஒருவர் பார்த்துவிட, சுப்பராயலு முதல் ஆளாக நின்று அவனை வெளியே அனுப்பினார். சொல்லிவிட்டால் அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியாது, சொன்னவன் மட்டும் தனியாக நிற்பான்.

நாலாம் பாட்டு எப்போது முடிந்தது. ஐந்தாவதில் பாட்டே இல்லை, வாத்தியம் மட்டும், பாஸ் கிதார் ஒற்றையாய் நடக்கிறது, அணைக்கட்டின்மேல் மதகுக்காரன் நடக்கும் நடை இது, ஏழு அடி, நிற்கிறான், ஏழு அடி, நிற்கிறான், என்ன வாசிப்பு, நிற்கிற இடத்தில்தான் பயமே இருக்கிறது, புகழ் இதை வாசித்துக் காட்டியிருக்கிறான், இடதுகை மோதிரவிரலை நீட்டி நீட்டி நரம்பைத் தொடுவான், அந்த விரல் மட்டும் கொஞ்சம் நீளம் அவனுக்கு... பத்துக்கண்ணு தாண்டியாயிற்று. ஒதியம்பட்டுக்காரர்கள் வில்லியனூரில் இறங்கினார்கள், பஸ் பாதி காலி. எழிலரசன் கண்ணை மூடி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான், கடைசி பீஸ், ஒன்று ஐம்பத்தாறு, கையுறையைக் கழற்றினேன், கவுன்ட்டரைப் பார்த்தேன், ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, காந்தத்தை எடுத்தேன், எடுத்தேனா, தினமும் எடுக்கிறேன், எடுத்த எல்லா நாளும் ஒரே நாளாக ஒட்டிக்கொண்டு வருகிறதே. புகழ் வந்தான். இன்னிக்கு முழுசா கேளுடா, அஞ்சாவது வந்தா கண்ண மூடிக்கோ, என்றான். எப்படி வரும் என்று கேட்டேன். மெஷின் கதவிலேயே தட்டிக் காட்டினான், தகதிமி தகிட, நானும் தட்டினேன், இரண்டு பேரும் பைத்தியம்போலக் கதவில் தட்டிக்கொண்டிருந்தோம், சிரித்தோம், பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று யாரோ கத்தினார்கள், ஓடினேன். தட்டும்போது இடதுகைச் சுண்டுவிரலுக்குக் கீழே ஏதோ கிர்கிர்ரென்று அதிர்ந்தது. என்ன அது. சில்லென்று, வட்டமாக, கதவோரத்தில், சென்சாருக்கு மேலே. நகம்கூடப் பட்டது.

காந்தம் அங்கேயேதான் இருக்கிறது. எழிலரசனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது, பஸ்ஸுக்குள் குளிர்ந்தது. புகழுக்கு அடித்தால் லாக்கருக்குள் மணியடித்து ஓயும், உள்ளே யாரிடமும் போன் கிடையாது, சுப்பராயலு ஒருத்தரைத் தவிர. இறங்கித் திரும்பிப் போகலாம், எதில் போவது, போய்ச் சேர நாலரை ஆகும். மணிக்கு ஒரு தடவையாவது தகடு சிக்கும், சிக்கினால் மெஷின் தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கும், பார்க்கிறவனுக்குச் செத்துவிட்டது மாதிரிதான் இருக்கும், தகட்டை எடுத்ததும் தானாக இறங்கும். ஆறாம் பாட்டு பிய்த்துக்கொண்டு போனது, சொட்டுகள் எண்ண முடியாமல் போயின, எல்லா வாத்தியமும் சொட்டின் கணக்குக்கே வந்துவிட்டன, அடடா, அந்தச் சொட்டைத்தான் எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறார்கள், முதல் பாட்டின் மழைகூட அதுதான், அப்போதே விழ ஆரம்பித்துவிட்டது, இதைப் புகழ் சொல்லவில்லையே, நானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறான். நிறுத்தினால் முதலிலிருந்து. இன்னும் ஒரு பாட்டு போகட்டும். கடைசிப் பாட்டில் இரண்டு நிமிடம் ஒன்றுமே வராதாம், வெறும் மௌனம், அப்புறம் ஒரே ஒரு அடி, அதோடு முடிந்தது. உடைந்ததா தப்பித்தானா, அந்த அடி என்ன அடி, அதைப் பேச ஆள் வேண்டுமென்றுதான் புகழ் இதைக் கொடுத்ததே. மதகுக்காரன் தூங்கிவிட்டான் என்று நெட்டில் எல்லாரும் எழுதுகிறார்கள், நான் நம்பமாட்டேன் என்பான் புகழ். பின்னே என்ன ஆச்சு என்றால் சொல்லமாட்டான், நீ கேட்டுட்டு வா. கரிக்கலாம்பாக்கம் தாண்டியது. ஏழாம் பாட்டு. மதகுக்காரன் தன் மனைவிக்குச் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்க்கிறான், மெல்ல, ஒவ்வொரு சொல்லாக... மணி மூன்று முப்பத்தொன்று. எழிலரசன் போனைக் கையிலெடுத்தான், சுப்பராயலு என்ற பெயரைத் தொட்டான், ஒரு பெருமூச்சு பாதியில் அறுந்ததுபோலப் பாட்டு நின்றது.

மணி ஐந்து முறை அடித்தது. "இன்னாடா, வூட்டுக்குப் போயும் வுட மாட்டியா." சார், நாலாம் நம்பர்ல, சென்சார் மேல, காந்தம், எடுக்காம வந்துட்டேன் சார், புகழுக்குத் தெரியாது. மெதுவாக, "இன்னா காந்தம்" என்றார். என்ன காந்தமென்று அவருக்குத் தெரியாதாம். எழிலரசன் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தான். "என் காந்தம் சார். நான்தான் வச்சேன். மெஷின நிறுத்தச் சொல்லு சார், கைய வுட்டுருவான். இப்பத்தான் சார் ஞாபகம் வந்துச்சு." மேஜைமேல் போன் வைக்கப்படும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், கதவு. அவர் வைக்கவில்லை, லைன் இருந்தது, தூரத்தில் மெஷின் ஷாப் முழுவதும் கேட்டது. எழிலரசன் இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மெஷின்களைப் பிரித்துக் கேட்டான், ஒன்றாம் நம்பரின் கனத்த அடி, பின்னாலேயே இரண்டு, மூன்றாம் நம்பர் கடகடவென்று, ஐந்து, ஆறு... நொண்டி நடக்கும் நாலாம் நம்பர் மட்டும் இல்லை. இப்போது நின்றதா, முன்பே நின்றிருந்ததா, சுப்பராயலு அதற்குள் போய்ச் சேர்ந்திருக்க முடியுமா, ரூமிலிருந்து நாற்பது அடி தூரம் இருக்கும். மூன்றரைக்கு டீ விடுவார்கள், டீக்குத்தான் போயிருப்பான், அப்படியென்றால் மற்ற மெஷின்கள் ஏன் ஓடுகின்றன, இல்லை, முறை மாற்றித்தான் விடுவார்கள், முதலில் நாலாம் நம்பர், சில நாள் முதலில் ஒன்றாம் நம்பர்... தகடு சிக்கினால்கூட நிற்கும்.

பஸ் பாகூர் ஏரிக்கரையில் திரும்பியது. அருள்முருகன் வழக்கம்போலப் பத்து நிமிடம் முன்னதாகவே எழுந்து பையை மாட்டிக்கொண்டு, இறங்கலியாடா என்றான். எழிலரசன் கையைக் காட்டினான், இரு. லைனில் யாரும் வரவில்லை. ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி, பதின்மூன்று, அவன் இன்னும் கேட்காத அந்த மௌனம் இப்படித்தான் இருக்குமோ, இரண்டு நிமிடம், அப்புறம் ஒரே ஒரு அடி. வேண்டாம், அது வரவேண்டாம், மாதாவே, வந்தால் டீ முடிந்து திரும்பியவன் போடுகிற அடியாக இருக்கட்டும். கம்பெனியில் கேட்பார்கள், எப்போது ஞாபகம் வந்தது என்று, கேட்டால் என்ன சொல்வது... சொல்லிவிட்டேனே. யாரும் கேட்காமலேயே சொல்லியாகிவிட்டதே, இப்பத்தான் என்று. நாக்கில் தயாராக இருந்திருக்கிறது. எப்போதிலிருந்து? ஊசுட்டேரியிலிருந்தா, அதற்கும் முன்பா, பாக்கெட்டில் கை போனபோதே... அப்போது இரண்டாம் பாட்டு, மணி இரண்டு நாற்பத்திரண்டு. ஏழாம் பாட்டு வரைக்கும் கேட்டிருக்கிறான். மதகுக்காரன் தூங்கவில்லை புகழ், அவன் தூங்கவே இல்லைடா, என்று சொல்ல வேண்டும் அவனிடம், சொன்னால் அவனுக்குப் புரிந்துவிடும், எனக்கு எப்படித் தெரிந்தது என்பதும் புரிந்துவிடும். லைனில் யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது, ஒருவரா இருவரா தெரியவில்லை, எழிலரசன் தன்னையறியாமல் அந்தக் காலடிகளை எண்ண ஆரம்பித்தான்.