ஒரே ஆட்டம், இரண்டு தலைப்பு

தையல் கடை வைத்திருக்கும் அக்காவும் நர்ஸான தங்கையும் கல்லூரி ஆய்வு ஒன்றில் விளையாடப் போனார்கள். ஆளுக்கொரு வாசல் வழியாக உள்ளே அனுப்பினார்கள். தடுப்புக்கு அப்பால் இருப்பவர் யாரென்று தெரியாது. கணினியில் ‘பகிர்’, ‘பறி’ என்று இரண்டு பொத்தான்கள். இருவரும் பகிர்ந்தால் ஆளுக்கு ஐந்து புள்ளி. இருவரும் பறித்தால் இரண்டு. ஒருவர் மட்டும் பறித்தால் அவருக்கு எட்டு, மற்றவருக்கு ஒன்றுமில்லை.

முதல் ஆட்டத்தில் அக்கா யோசிக்காமல் பறித்தாள். இரண்டாவதில் பகிர்ந்தாள்.

முடிந்ததும் ஆய்வாளர் இரண்டு விதித்தாள்களையும் அவள் முன் வைத்தார். “ரெண்டும் ஒரே ஆட்டம்தாம்மா. தலைப்பை மட்டும்தான் மாத்தினோம்.”

முதலாவது ‘சந்தைப் போட்டி’, அடுத்தது ‘அக்கம்பக்கம்’. விதிகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எதிர்ல இருந்தது?”

“ரெண்டு தடவையும் ஒரே ஆள்தான்.” அவர் தடுப்பை விலக்கினார். தங்கை உட்கார்ந்திருந்தாள்.

“உங்கிட்டயாடி பறிச்சேன்?” என்றாள் அக்கா. “ஒரு வார்த்தையைப் பாத்துட்டா?”

தங்கைக்கும் முகம் வெளிறியிருந்தது. “நானும் பறிச்சேன்க்கா. அந்தப் பக்கம் ஒரு மனுஷி இருப்பாங்கன்னே தோணல.”

வீடு திரும்ப இருவரும் பேருந்து ஏறினார்கள். ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. “நீ உக்காரு,” “இல்லக்கா, நீ உக்காரு” என்று இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பின்னால் ஏறியவர் உட்கார்ந்துவிட்டார்.