மாஸ்டர் திருத்திய விளக்கு

ஊரார் மாஸ்டர் என்று கூப்பிடும் என் புருஷன் ஏர்னெஸ்டுக்கு வேதாகமத்தில் தெரியாத இடமே கிடையாது. அதனால்தான் இந்த வினையெல்லாம்.

நான் நீர்வேலியில் வீட்டோடு பட்டறை வைத்துப் பதினெட்டு வருடமாக உலோகவேலை செய்கிறேன். தேவாலயக் கிண்ணம், விருதுக் கேடயம் என்று யாரோ வரைந்து தருவதை இம்மி பிசகாமல் செய்து கொடுப்பேன். ‘நீங்களே வரைந்து செய்யுங்கள்’ என்று முதன்முதலாக என்னிடம் கேட்டவள் மெல்பேணில் இருக்கும் ரிவ்கா என்ற யூதப் பெண். அவளுக்கு ஹனுக்கா விளக்கு வேண்டும். எட்டு நாள் பண்டிகை; முதல் நாள் ஒரு சுடர், இரண்டாம் நாள் இரண்டு, இப்படி எட்டு வரை. ஒன்பதாவது சுடர் மற்றவற்றை ஏற்றுவதற்கு. அது தனித்து நிற்க வேண்டும்.

இரண்டு மாதம் மண்டையை உடைத்து, வழக்கமாக அதற்கு வைக்கும் கிளையே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். நீளமான ஒரு பித்தளைச் சட்டம், அதில் ஒரே மட்டத்தில் எட்டுக் குழி, ஓரத்தில் வளைந்து எழும்பும் தண்டில் ஒன்பதாவது. பார்த்தால் எளிது, செய்யப் போனால்தான் தெரியும். வார்ப்புக்கான மாதிரியை மெழுகில் என் கையாலேயே வடித்து, கோப்பாயில் பித்தளை வார்க்கும் கனகலிங்கத்திடம் கொடுத்துவிட்டு, தங்கையின் கண் ஒப்பரேஷனுக்காகக் கொழும்புக்குப் போனேன். ஒரே ஒரு கிழமை.

திரும்பி வந்து கோப்பாய்க்குப் போனால், மேசையில் பித்தளையில் வார்த்து வேறேதோ நிற்கிறது. நடுவில் தண்டு, இந்தப் பக்கம் மூன்று கிளை, அந்தப் பக்கம் மூன்று கிளை. கிளைக்குக் கிளை மொட்டு வேறு.

“இது என்ன, கனகலிங்கம்?”

“உங்கடை விளக்குத்தான் அக்கா. மாஸ்டர் சைக்கிளிலை வந்து கணக்குப் பிழை எண்டவர். ஏழுதானாம். அவர் சொன்னபடி மாத்தினனான்.”

“என்ரை மெழுகு எங்கை?”

“அதை உருக்கித்தானே இதுக்கு மெழுகு வடிச்சனான். மெழுகை ஏன் வீணாக்குவான்?”

என்ன சிக்கனம்! அந்த மனுஷனோடு சண்டை பிடிக்கவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்து ஏர்னெஸ்டைப் பிடித்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வேதபாடம் படிப்பித்தவர், வேதத்தை மடியில் விரித்துத் தயாராக இருந்தார்.

“இஞ்சை பாரும் அபி. ஆறு கிளை, நடுவிலை ஒண்டு. ஆண்டவர் மோசேக்குச் சொன்ன கணக்கு. நீர் ஒன்பது போட்டு அனுப்பினா அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?”

“அந்தப் பிள்ளைதான் ஒன்பது கேட்டது!”

“கேட்டிருக்கும். அவைக்கு மறந்துபோச்சுதாக்கும்.”

யூதருக்குத் தங்கள் சமயம் மறந்துபோய், நீர்வேலியிலிருந்து ஒரு மெதடிஸ்ட் மாஸ்டர் ஞாபகப்படுத்துகிறார்! அந்தப் பண்டிகையின் கதையைக் கத்தோலிக்கர் தங்கள் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். எங்களுடையதில் அது இல்லை. எங்களுடையதில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பது இவருடைய முடிவு.

ரிவ்காவுக்குப் படத்தை அனுப்பி நடந்ததைச் சொன்னேன். ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. ஏழு சுடர் விளக்கு முற்காலத்தில் இடிந்துபோன அவர்களுடைய ஆலயத்தின் விளக்காம், அதே அமைப்பில் உலோகத்தில் இன்னொன்று செய்வதை அவர்கள் மரபு தடுக்கிறதாம், வீட்டுக்குள் எடுக்கமாட்டாளாம். பண்டிகைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது, உங்கள் விளக்குக்காகக் காத்திருக்கிறேன் என்று முடித்திருந்தாள். உங்கள் விளக்கு. அதை வாசித்து நான் அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இரண்டு கிழமையில் மெழுகைத் திரும்ப வடித்தேன். கனகலிங்கம் களிமண் அச்சுப் பிடித்துக் காயவைத்தார். அந்த ஏழு சுடர் விளக்கை உருக்கி, அதே பித்தளையில் என்னுடையதை வார்ப்பதாக ஏற்பாடு; வார்க்கிற நாள் ஏர்னெஸ்டும் கூடவே வந்தார்.

“இதை உருக்கவேண்டாம் அபி. எங்கடை சேர்ச்சுக்குக் குடுப்பம்.”

குடுத்தால் ஞாயிறுக்கு ஞாயிறு அது பீடத்தில் நின்று, மாஸ்டர் கணக்குத்தான் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

“உருக்குங்கோ கனகலிங்கம்,” என்றேன்.

கனகலிங்கம் விளக்கைத் தொடவில்லை. என்னைத் தாண்டி ஏர்னெஸ்டைப் பார்த்தார்.

“மாஸ்டர், உருக்கட்டோ?”

நான் வரைந்தது, நான் வடித்தது, என்னை நம்பி வந்த வேலை. அதைக் கெடுக்கவும் இவர் வாய் வேண்டும், கெட்டதை அழிக்கவும் இவர் வாய் வேண்டும். ஏர்னெஸ்ட் தொண்டையைச் செருமி, பெரிய மனது பண்ணித் தலையாட்டினார்.

“ஓம், உருக்குங்கோ.”

“ஒருத்தரும் தொடாதையுங்கோ!” என்று கத்தினேன்.

உருக்குகிற பாத்திரத்துக்குள் அது முழுதாகப் போகாது, துண்டாக்க வேண்டும். இரும்பறுக்கிற வாளை எடுத்தேன். முதல் கிளை விழப் பத்து நிமிடம் பிடித்தது; உள்ளங்கை எரிந்தது.

“விடும், நான் அறுத்துத் தாறன்,” என்றார் ஏர்னெஸ்ட்.

நான் வாளை அடுத்த கிளையில் வைத்தேன். மற்ற ஐந்து கிளையும் விழும்வரை இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.