வெளிச்சம் படாத இடத்தில் வந்த கொப்புளம்

கார் ஓட்டக் கற்றுத்தரும் அவளை மாணவர்கள் ‘பிரேக் அக்கா’ என்பார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருந்த தனி பிரேக்கை மிதித்தே பத்தொன்பது வருடங்களை ஓட்டியவள். முழங்கையிலும் முழங்காலிலும் செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸோடு குடித்தனம் நடத்துவதும் ஏறக்குறைய அத்தனை வருடமாகத்தான்.

இரண்டு மாதமாக அதற்கு ஒளி சிகிச்சை. இடுப்பை மட்டும் மறைத்துக்கொண்டு, ஆளுயரப் பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றால் சுற்றிலும் குழல்விளக்குகள் எரியும். நல்ல குணம் தெரிந்தது. வீட்டைப் பெருக்கும்போது செதில் குறைந்திருப்பதை முதலில் கவனித்தவர் கணவர்தான்.

திடீரென்று ஒரு திங்கட்கிழமை, கையில் பட்டாணி அளவுக்கு நீர்க்கொப்புளங்கள். புதன்கிழமைக்குள் திராட்சை அளவு. அரிப்பு உயிரை வாங்கியது.

கணவர் எலக்ட்ரீஷியன். கேட்க வேண்டுமா? “விளக்கைப் பத்தி எனக்கா தெரியாது? அளவு தெரியாம எரியவிட்டு உன்னை வேக வச்சிட்டான்,” என்று நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

பெட்டியை இயக்கும் டெக்னீஷியனுக்கு முகம் வெளுத்துப்போனது. “சார், மூணு வாரமா ஒரே அளவுதான். ஒரு செகண்ட்கூட ஏத்தல,” என்று பதிவேட்டை மூன்று முறை புரட்டிக் காட்டினான்.

அதற்குள் அவளுக்கு இடுப்பில் அரித்தது. திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். அங்கேயும் நான்கு கொப்புளங்கள்.

வெளியே வந்து, “என்னங்க, கொஞ்சம் வாயை மூடுங்க,” என்றாள். “வெளிச்சமே படாத இடத்துல எப்படிச் சுடும்?”

எலக்ட்ரீஷியன் பதிவேட்டை வாங்கி நான்காவது முறையாகப் புரட்டினார்.

தோல் டாக்டர் வந்து பார்த்ததும் ஒளி சிகிச்சையை நிறுத்திவிட்டு, துளித் தோல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சில நாளில் முடிவு வந்ததும் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். “சூடு இல்லம்மா. உடம்போட எதிர்ப்பு சக்தி சொந்தத் தோலையே எதிரின்னு நெனச்சுத் தாக்குது. பேரு புல்லஸ் பெம்ஃபிகாய்டு. சோரியாசிஸ் இருக்கிறவங்க சிலருக்கு, அபூர்வமா, ஒளி சிகிச்சை எடுக்கறப்ப வரும். வெளிச்சம் தூண்டியிருக்கலாம். தம்பி மேல தப்பில்ல.”

“அப்ப ரெண்டு நோய்க்கும் ரெண்டு வைத்தியமா டாக்டர்?” என்றாள்.

“இல்ல. வாரம் ஒரு மாத்திரை, ரெண்டையும் அதுவே பாத்துக்கும். கொப்புளத்துக்கு மேல ஒரு களிம்பு. ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் தவறாம வரணும்.”

ஒரே கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் அழைப்பு வந்து, ஒரே மொய்யோடு முடிந்த மாதிரி அவளுக்குச் சிரிப்பு வந்தது. கணவர் டெக்னீஷியனிடம் போய், “மன்னிச்சிருப்பா, அவசரப்பட்டுட்டேன்,” என்றார்.

“பரவாயில்ல சார். நீங்க பேசின பேச்சுல, நான்தான் சுட்டுட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு.”

மாத்திரை தொடங்கிய ஆறாவது வாரம் புதிதாக ஒரு கொப்புளமும் வரவில்லை. பழையவை காய்ந்து, பழுப்புத் தழும்பாக மங்கின. கைக்கு எட்டாத முதுகில் களிம்பு தடவும் வேலை கணவருக்கு. தடவிக்கொண்டே நோயின் பெயரை மனப்பாடம் செய்தார். ஒருநாளும் சரியாக வரவில்லை. அவளும் திருத்தவில்லை. அவர் வாயில் அது தினமும் வேறு வேறு ஊர்ப் பெயர் மாதிரி ஒலிப்பதைக் கேட்க அவளுக்குப் பிடித்திருந்தது.